பிங் வந்துவிட்டால் போதுமா? நெட்வொர்க் டெக்னீஷியன் பயிற்சியில் கற்றதை அளப்பது எப்படி

பிராக்டிகல் தேர்வில் மாணவர் ஒருவர் இரண்டு முனையிலும் கனெக்டர் கிரிம்ப் செய்த (அழுத்திப் பொருத்திய) நெட்வொர்க் கேபிளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். தேர்வாளர் அதை டெஸ்டரில் செருகுகிறார். 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. முழு மதிப்பெண் போட்டாயிற்று, அடுத்தவர் வரலாம்.

அந்தக் கேபிள் தவறானதாக இருக்கலாம். உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. டி568பி என்ற நிற விதிமுறைப்படி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கனெக்டரில் கம்பி சேரும் தொடுமுனையைப் பின் என்பார்கள். 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே ஜோடியாக, அதாவது இரண்டும் பச்சை ஜோடியாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது குழப்பம். வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சை, அப்புறம் வெள்ளை-நீலம், நீலம் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் டெஸ்டர் எதுவும் சொல்லாது. 1-ஆம் பின் மறுமுனையின் 1-ஆம் பின்னுக்குப் போகிறதா என்பது மட்டுந்தான் அதற்குத் தெரியும். ஆனால் 3, 6 பின்களில் இப்போது வேறு வேறு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. முறுக்கு கொடுக்கும் பாதுகாப்பு போய்விட்டது, ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசிகிறது. ஃபீல்டில் இதை ஸ்பிளிட் பேர் என்பார்கள். மேசை மேல் ஒரு மீட்டர் கேபிளாக இருக்கும்வரை வேலை செய்வதுபோலவே தெரியும். அறுபது மீட்டர் இழுத்து அலுவலகத்தில் போட்டால் வேகம் குறையும், பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) தொலையும், விட்டு விட்டு நெட் போகும். காரணம் எளிதில் பிடிபடாது. கண்டுபிடிக்க ஸ்பிளிட் பேரையும் காட்டக்கூடிய, விலை கூடிய சோதனைக் கருவி வேண்டும், இல்லையென்றால் கனெக்டரைக் கையில் எடுத்து நிறத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மதிப்பீடு என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஸ்பிளிட் பேர்தான். தேர்வு கேட்டதில் மாணவர் தேறிவிட்டார். வேலை கேட்கப்போவதைத் தேர்வு கேட்கவே இல்லை. கனெக்டரைக் கண்ணருகே பிடித்து நிற வரிசையைப் பார்ப்பது, முறுக்கைப் பிரித்த நீளம் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, வெளி உறை கனெக்டருக்குள் போய் அழுந்தியிருக்கிறதா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் ஆகும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடம் மதிப்பெண் தாளில் ஒரு வரியாக இல்லாததால் யாரும் பார்ப்பதில்லை.

ஐடிஐ-களில் இந்த வேலைக்கான டிரேட்டின் பெயர் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் ஓராண்டுப் பயிற்சி. மத்தியப் பயிற்சி இயக்குநரகத்தின் பாடத்திட்டத்தைத் திறந்தால் பயிற்சி முடிவில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று கற்றல் விளைவுகள் எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதை வைத்து மதிப்பிடுவது என்பதும் இருக்கும். 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்த பிறகு பாடத்திட்டங்கள் இந்த வடிவத்துக்கு மாறின. இது நல்ல மாற்றம். இன்னின்ன பாடம் நடத்தியாயிற்று என்று கணக்குக் காட்டிய காலம் போய், மாணவருக்கு என்ன செய்ய வருகிறது என்று கேட்கும் காலம் வந்தது. டிரேட் பிராக்டிகலிலும் தொடர் மதிப்பீட்டிலும் தேர்ச்சிக்குக் குறைந்தது 60 சதவீதம் வேண்டும், மற்றப் பாடங்களுக்கு 33 சதவீதம் போதும். கைவேலைக்குத்தான் முதலிடம் என்பது இதிலேயே தெரிகிறது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. தொடர் மதிப்பீட்டில் மதிப்பெண் போட மூன்று படிநிலைகள் உண்டு. 60-75, 75-90, 90-க்கு மேல். முதல் படிநிலைக்கு 60 முதல் 70 சதவீதத் துல்லியம், ஓரளவு நேர்த்தியான ஃபினிஷிங், அவ்வப்போது ஆசிரியர் உதவி. மேலே போகப் போகத் துல்லியம் கூட வேண்டும், உதவி குறைய வேண்டும். எல்லா டிரேட்டுக்கும் ஏறக்குறைய இதே வாசகங்கள்தான். ஃபிட்டர் டிரேட்டில் இவை பொருந்தும். அரத்தால் தேய்த்த இரும்புத் துண்டை வெர்னியர் வைத்து அளந்தால் எவ்வளவு துல்லியம் என்று சொல்லிவிடலாம். கணினிகளை இணைக்கும் ஒரு சுவிட்சின் கான்ஃபிகரேஷனில், அதாவது அதற்குக் கொடுக்கும் அமைப்புக் கட்டளைகளில், 65 சதவீதத் துல்லியம் என்றால் என்ன? எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று கணினிக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கில் ஓர் எண் தப்பினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கணினி வெளியே பேசாமல் போகலாம். இந்த இடைவெளியை ஆசிரியர்தான் தன் டிரேட்டின் மொழியில் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் நேரமில்லாமல் பிங் வருகிறதா, அதாவது ஒரு கணினி அனுப்பும் சோதனைச் செய்திக்கு மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா, இல்லையா என்பதே அளவுகோலாகி நின்றுவிடுகிறது.

கொள்குறி வகைத் தேர்வைக் குறை சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. போர்ட் எண்கள், ஓஎஸ்ஐ அடுக்குகள், ஐபி முகவரிக் கணக்கு போன்றவற்றை நிறையப் பேரிடம் குறைந்த நேரத்தில் சோதிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. உலக அளவில் தொழில்துறை நம்பும் சான்றிதழ்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் தேர்வில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், 100 முதல் 900 வரையான அளவில் 720 எடுத்தால் தேர்ச்சி. நெட்வொர்க் சாதன நிறுவனமான சிஸ்கோவின் சிசிஎன்ஏ 2020 பிப்ரவரி 24 முதல் 120 நிமிட ஒற்றைத் தேர்வாக நடக்கிறது. ஆனால் டம்ப் என்ற பெயரில் பழைய கேள்விகளை மனப்பாடம் செய்து தேறுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அதனால்தான் நெட்வொர்க் பிளஸ்ஸில் செய்துகாட்டும் வகைக் கேள்விகளும் கலந்து வருகின்றன. மேல்மட்டத்தில், 1993-இல் தொடங்கிய சிஸ்கோவின் சிசிஐஇ சான்றிதழுக்கான லேப் தேர்வு எட்டு மணி நேரம் நடக்கிறது. பொறுப்பு கூடக்கூட, எழுதிக் காட்டுவதைவிடச் செய்துகாட்டுவதையே தொழில்துறை நம்புகிறது.

சரி, செய்துகாட்டுவதை மதிப்பிடுவது எப்படி? ஒரு சின்னப் பழுதை எடுத்துக்கொள்வோம்.

லேபில் ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், சில கணினிகள். கணக்குப் பிரிவுக்கு விலான் 20. விலான் என்றால் ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க். முகவரிகள் ரவுட்டரிலிருந்து டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் சேவை) வழியாக வருகின்றன. தேர்வுக்கு முன்பு ஆசிரியர் சுவிட்சின் 7-ஆம் போர்ட்டை மட்டும் விலான் 1-க்கு மாற்றிவிட்டு, கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிடுகிறார். மாணவரிடம் கொடுக்கும் வேலைச் சீட்டில் ஒரே வரி: ‘கணக்குப் பிரிவில் ஒரு கணினிக்கு நெட் வரவில்லை.’ நேரம் 15 நிமிடம்.

முதல் மாணவர் கணினியைத் திறந்து பார்க்கிறார். முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதற்கு அர்த்தம் அவருக்குப் பிடிபடவில்லை. கையாலேயே 192.168.20.50 என்று போடுகிறார். வரவில்லை. சுவிட்சை அணைத்துப் போடுகிறார், அப்போது மற்றக் கணினிகளுக்கும் நெட் போய்த் திரும்புகிறது. வரவில்லை. கடைசியில் கேபிளை 7-லிருந்து பிடுங்கி 8-ஆம் போர்ட்டில் செருகுகிறார். பிங் வந்துவிட்டது.

இரண்டாமவர் முதலில் போர்ட்டின் விளக்கைப் பார்க்கிறார். எரிகிறது, ஆகவே கேபிள் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. 169.254 என்று பார்த்ததும் டிஎச்சிபி-யிடமிருந்து பதில் வரவில்லை என்று புரிந்துகொள்கிறார். பக்கத்துக் கணினியில் பார்க்கிறார், அதற்கு முகவரி ஒழுங்காக வந்திருக்கிறது. அப்படியானால் ரவுட்டரில் குறை இல்லை, இந்தக் கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையில்தான் ஏதோ இருக்கிறது. எந்தப் போர்ட் எந்த விலானில் என்று காட்டும் ஷோ விலான் பிரீஃப் கட்டளையைச் சுவிட்சில் கொடுக்கிறார். 7-ஆம் போர்ட் விலான் 1-இல் இருக்கிறது. மாற்றுகிறார், முகவரி வருகிறது, பிங் பார்க்கிறார், ஒரு பெயரைக் கொடுத்து, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்-உம் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார், வேலைச் சீட்டில் இரண்டு வரி எழுதுகிறார்.

மூன்றாமவர் இதே வழியில் வந்து 7-ஆம் போர்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார். போர்ட்டை விலான் 20-க்கு மாற்றும் கட்டளை மட்டும் நினைவுக்கு வரவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

பிங்கை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் முதல் இருவருக்கும் முழு மதிப்பெண், மூன்றாமவருக்குச் சைபர். உண்மையில் முதலாமவர் விட்டுப்போனது இரண்டு பழுதுகள். 7-ஆம் போர்ட் இன்னும் தவறான விலானில்தான் இருக்கிறது, நாளை வேறு யாராவது அதில் செருகினால் இதே கதை. அவர் கையால் போட்ட முகவரி டிஎச்சிபி வழங்கும் வரிசைக்குள் விழுகிறது. இந்தக் கணினி அணைந்திருக்கும்போது டிஎச்சிபி அதே முகவரியை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால், ஒருநாள் இரண்டும் மோதிக்கொள்ளும். மூன்றாமவருக்குத் தேவை ஒரு கட்டளை. அதை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம், கடையிலும் அலுவலகத்திலும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாடிக்கையாளர் இடத்துக்கு இவர்களில் ஒருவரைத் தனியாக அனுப்ப வேண்டுமென்றால் நான் முதலாமவரை அனுப்பமாட்டேன்.

எனவே மதிப்பெண் தாளில் கேட்க வேண்டியவை இவை: எதையும் மாற்றுவதற்கு முன்பு பழுது எந்தப் பகுதியில் என்று சுருக்கிப் பார்த்தாரா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா? பலன் தராத மாற்றத்தைத் திருப்பி வைத்தாரா? மற்றவர்களின் வேலையைக் கெடுக்காமல் செய்தாரா? முடிந்ததும் சரிபார்த்து எழுதிவைத்தாரா? பிங் வந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து.

இந்த யோசனையை நெட்வொர்க்கிங் படிப்பிலேயே பெரிய அளவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1997-இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமிக்காக, 2000-களின் தொடக்கத்தில் நெட்பாஸ் என்ற மதிப்பீட்டு முறை உருவாக்கப்பட்டது. ராபர்ட் மிஸ்லெவி, ஜான் பெரென்ஸ் உள்ளிட்ட அளவீட்டு வல்லுநர்கள் அதில் வேலை செய்தார்கள். வடிவமைத்தல், அமைத்துக்கொடுத்தல், பழுது கண்டுபிடித்தல் என்று மூன்று வகை வேலைகளைக் கொடுத்து, வெவ்வேறு திறனுள்ள மாணவர்கள் அவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் கவனித்தார்கள். கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்பே, திறமை உள்ளவரிடம் என்ன தெரியும், அது எந்தச் செயலில் வெளிப்படும், அந்தச் செயலை வரவழைக்க எந்த மாதிரி வேலை கொடுக்க வேண்டும் என்று பின்னோக்கி யோசித்தார்கள். மாணவர் தட்டிய கட்டளைகள் பதிவாகும். விடை சரியா என்பதோடு, நடைமுறை சரியா, சுற்றி வளைக்காமல் போனாரா என்பதும் தனித்தனியாக அளக்கப்படும்.

நம் லேபுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. சுவிட்சையும் ரவுட்டரையும் கன்சோல் (நேரடிக் கட்டளை இணைப்பு) வழியாகத் திறக்கும் புட்டி மென்பொருளிலேயே, தட்டியதையும் திரையில் வந்ததையும் கோப்பில் பதியும் வசதி இருக்கிறது. தேர்வுக்கு முன்பு அதைப் போட்டுவிட்டால் போதும். முதல் மாணவர் செய்ததும் இரண்டாமவர் செய்ததும் அந்தப் பதிவைப் படித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மதிப்பெண் குறைந்தது ஏன் என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்கும் கையில் ஆதாரம் இருக்கும்.

நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோ மென்பொருளான பேக்கெட் டிரேசரைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசம், நல்ல கருவி, சாதனம் போதாத லேபுகளுக்கு வரப்பிரசாதம். அதன் பயிற்சிக் கோப்புகளில் ஆசிரியர் தயாரித்த சரியான நெட்வொர்க்கோடு மாணவருடையதை ஒப்பிட்டு எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் வசதி உண்டு. பயிற்சியின்போது அது உதவி. தேர்வில் அந்த எண் கண்ணில் பட்டால் மாணவர் நெட்வொர்க்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைத் துரத்த ஆரம்பிப்பார். எதையாவது மாற்றுவது, எண் ஏறுகிறதா என்று பார்ப்பது, மறுபடி மாற்றுவது. எண்ணை மறைத்துவைக்க அதிலேயே வழி இருக்கிறது, தேர்வில் மறைத்துவைக்க வேண்டும். அப்புறம், அந்த மென்பொருளில் கிளிப் உடைந்த கனெக்டர் கிடையாது, பேரெழுதாத நாற்பது கேபிள்கள் பின்னிக்கிடக்கும் ரேக் (சாதனங்களை அடுக்கும் சட்டகம்) கிடையாது. ஆண்டில் சில தடவையாவது உண்மையான சாதனத்தில் தேர்வு வைத்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்கள் உடனே சொல்லும் பதில் நேரம் எங்கே என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு பேட்ச்சில் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஆறு வேலைகள், வேலைக்கு 15 நிமிடம், ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தால் 36 மணி நேரம். யாராலும் முடியாது. இதற்கு மருத்துவக் கல்வியில் ஒரு வழி இருக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் மருத்துவ மாணவர்களுக்கு நிலையம் நிலையமாகத் தேர்வு வைக்கும் முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் சுற்றி வருவார்கள், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வேலை, எல்லோருக்கும் அதே வேலை, அதே நேரம், அதே மதிப்பெண் தாள். அதை அப்படியே லேபுக்குக் கொண்டுவரலாம். ஆறு மேசைகள், ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள். ஒரு குழு சுற்றி முடிக்க 90 நிமிடம். இடையில் மேசைகளைத் தயார்செய்யும் நேரம் போக மொத்தம் ஆறு மணி நேரம், ஒரே நாள்.

ஆறு மேசையிலும் ஆள் நிற்க வேண்டியதில்லை. முதல் மேசையில் கேபிள், அது கையில் மிஞ்சுகிறது, பிறகு நிறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் ஐபி முகவரித் திட்டம், தாளில் இருக்கும். மூன்றாவதிலும் நான்காவதிலும் சுவிட்ச், ரவுட்டர் பழுதுகள், பதிவுக்கோப்பு பேசும். ஐந்தாவதில் ஒரு ரேக்கைப் பார்த்து எது எங்கே போகிறது என்று படம் வரைய வேண்டும். ஆறாவதில் மட்டும் ஆசிரியர் வாடிக்கையாளராக உட்கார்ந்து, ‘நேத்து வரைக்கும் வந்துச்சுப்பா, இன்னைக்கு வரல’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மாணவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று கவனிப்பார். எல்லோருக்கும் வரவில்லையா, உங்களுக்கு மட்டுமா என்று கேட்கத் தெரிந்த மாணவர் பாதி வேலையை முடித்துவிட்டார். ஒவ்வொரு மாணவரும் முடித்து நகர்ந்ததும் சாதனங்களைப் பழைய பழுது நிலைக்குத் திருப்ப வேண்டும். சேமித்துவைத்த கான்ஃபிகரேஷனை மறுபடி ஏற்றினால் சில நிமிடத்தில் முடியும். முடித்த குழு அடுத்த குழுவிடம் விடையைச் சொன்னாலும் பயன்படாமல் இருக்க, பழுதுகளில் இரண்டு மூன்று மாற்று வடிவங்களும் வேண்டும்.

அந்த ஆறாவது மேசை தமிழில் நடக்க வேண்டும். வைவாவையும் (வாய்மொழித் தேர்வையும்) சேர்த்துத்தான் சொல்கிறேன். மாணவருக்கு விலான் புரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, ஆங்கிலத்தில் வரையறை ஒப்பிக்க வருகிறதா என்பது வேறு பாடம். ‘இந்த போர்ட்டும் அந்த போர்ட்டும் ஒரே சுவிட்சுல இருந்தாலும் பேசிக்காது சார்’ என்று சொல்லும் மாணவருக்கு விஷயம் தெரியும்.

அளக்கக்கூடியதையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதையும் பிரித்துவைப்பது நல்லது. உலகத் திறன் போட்டிகளில், நெட்வொர்க் கேபிளிங்கும் நெட்வொர்க் நிர்வாகமும் தனித்தனிப் பிரிவுகளாக நடக்கும் அந்தப் போட்டிகளில், இது தெளிவாக இருக்கிறது. எண்ணால் சொல்ல முடிந்தவை அளவீடு. நேர்த்தி, ஒழுங்கு போன்றவை தீர்ப்பு. தீர்ப்புக்கு 0 முதல் 3 வரை, தொழில்தரத்துக்குக் கீழே என்றால் 0, தொழில்தரம் என்றால் 1. மூன்று நடுவர்கள் தனித்தனியாகப் போடுகிறார்கள், ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசி மறுபடி போடுகிறார்கள். ஐடிஐ-யில் மூன்று பேர் கிடைக்கமாட்டார்கள். பக்கத்து டிரேட் ஆசிரியர் ஒருவரையாவது கூப்பிட்டு, ஐந்தாறு மாணவர்களின் ரேக் வேலைக்கு இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்த்தால், தாளில் எந்த வரி மழுப்பலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் பாடுபட்டது வீண். பாலிடெக்னிக்குகளில் தேசிய அங்கீகார வாரியத்துக்காகப் பாட விளைவுகளைப் படிப்பின் விளைவுகளோடு இணைத்து, எத்தனை சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள் என்று அட்டவணை தயாரிக்கிறார்கள். அட்டவணை தயாரிக்கும் உழைப்பு பெரிது, நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வகுப்பின் சராசரி 68 என்று வந்தால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கேபிளில் எல்லோரும் 90, முகவரிக் கணக்கில் 75, பழுது கண்டுபிடிப்பில் 40 என்பது சராசரிக்குள் மறைந்துவிடும். அந்த 40-ஐச் சரிசெய்யத்தான் மதிப்பீடே. ஒரு மாணவர் ஒரு பழுதில் தோற்றால் அவரைக் கவனிக்க வேண்டும். 24 பேரில் 20 பேர் அதே பழுதில் தோற்றால் நடத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கம். என்ன பழுது, எப்படி வைத்தோம், எந்த ஆண்டு எந்த பேட்ச்சுக்கு, எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள், தவறியவர்கள் எங்கே தடுமாறினார்கள். இரண்டு மூன்று பேட்ச் கடந்தால் நோட்டு தானாகவே பேச ஆரம்பிக்கும். கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) இல்லாத கணினியை எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள், விலான் பழுதில் பாதிப் பேர், ஸ்பிளிட் பேரை யாருமே இல்லை என்று வந்தால், அடுத்த பருவத்தின் பாட அட்டவணையில் எதற்கு எத்தனை மணி நேரம் என்று அதைப் பார்த்தே எழுதலாம். பயிற்சி முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்கள் ஆறு மாதம் கழித்துப் பேசும்போது, அங்கே சந்தித்த பழுதுகளையும் கேட்டு இதில் புதுப் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.